தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கீழே மின் அறை: மருத்துவமனைக் கட்டட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைக் கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் தருவோருக்கும், அவற்றின் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளை வகுப்போருக்கும்,

கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில், மகப்பேற்றுக்கும் பொது மருத்துவத்துக்குமாக 30 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம் எழுப்பப்போகிறீர்கள். அதன் வரைபடத்தை மருத்துவமனை வாசலில் ஒட்டியிருந்தீர்கள். நின்று பார்த்தேன், அளவுகோல் வைத்து அளந்தேன், உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் வந்தது: "வரைபடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது, மாற்றத்துக்கு இடமில்லை."

இடமிருக்கிறது. அஸ்திவாரத்துக்கு இன்னும் மண்கூட வெட்டவில்லை. அதனால்தான் இந்த மூன்றாவது கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் மனம்விட்டுப் பேசிய செவிலியர்களுக்கு அதனால் தொல்லை வரக்கூடாது.

நான் யார் என்பதையும், இதில் என் நலன் என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் நடக்கும் சிறிய கட்டடக்கலை நிறுவனம் எங்களுடையது. நான், இன்னொரு கட்டடக் கலைஞர், வரைவாளர் ஒருவர், தளப் பொறியாளர் ஒருவர், கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் என்று ஐந்து பேர். 2011இல் தொடங்கியதிலிருந்து மருத்துவமனைகளை மட்டுமே வடிவமைத்து வருகிறோம். விருத்தாசலம் முதல் புதுச்சேரி வரை, பத்துப் படுக்கையிலிருந்து நாற்பது படுக்கை வரையிலான மருத்துவமனைகள். இந்தக் கட்டடத்துக்கு வரைபடம் தர நாங்களும் விரும்பினோம். உங்கள் நிபந்தனைகள் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டன. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கீழே எழுதியிருப்பவை எல்லாம் டேப்பால் அளக்கக்கூடியவை. என்னை நம்ப வேண்டாம், ஓர் ஆளை அனுப்பி அளந்து பாருங்கள்.

எந்த வேலையையும் எடுப்பதற்கு முன் அந்த மருத்துவமனையில் இரண்டு இரவுகள் தங்குவது எங்கள் வழக்கம். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வரும் முன்பே, மருத்துவ அலுவலரின் அனுமதியோடு இங்கும் தங்கினோம். முதல் இரவு பதினொரு மணிக்கு மேல், வார்டு ஓய்ந்த பிறகு, தலைமைச் செவிலியர் என்னை மருந்துக் கிடங்குக்கு அழைத்துப்போனார். அலமாரியை லேசாக நகர்த்திச் சுவரைக் காட்டினார். நீல மார்க்கரால் ஒரு கோடு. அதன் பக்கத்தில் '2-12-24' என்று தேதி. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து, மண் நிறம் ஏறியிருந்தது. "தம்பி, வெள்ளையடிக்க வந்தவர்கள் இதையும் அழிக்கப் பார்த்தார்கள். இந்தச் சுவரைத் தொடக்கூடாது என்று சண்டைபோட்டேன்" என்றார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர்தான் அந்தக் கிடங்குக்குள் வந்தது. தடுப்பூசி வைத்திருந்த குளிர்பெட்டியை இரண்டு செவிலியர்களும் ஒரு துப்புரவுப் பணியாளரும் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி மாடிப்படி ஏற்றினார்கள். இன்சுலின் காப்பாற்றப்பட்டது. குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் மிதந்து போயின. தண்ணீர் வடிந்த பிறகும் மின்சாரம் கொடுக்க முடியவில்லை. கட்டடத்துக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேனல் போர்டு முழுவதும் சேறு. அதைக் கழற்றி, கழுவி, காயவைத்து, சோதித்து முடிக்கும் வரை கைவிளக்கு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார்கள்.

செவிலியர் காட்டிய இரவிலேயே அந்த நீலக் கோட்டை அளந்தேன். பழைய கட்டடத்தின் தரை சாலை மட்டத்திலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து கோடு 92 சென்டிமீட்டர். ஆக, சாலைக்கு மேல் 137 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றிருக்கிறது.

உங்கள் புதிய வரைபடத்தில் பேஸ்மட்டம், அதாவது தரைத்தளத்தின் தரை, சாலையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம். மின் அறை, ஜெனரேட்டர், மருந்துக் கிடங்கு, ஆக்சிஜன் உருளை அறை நான்கும் தரைத்தளத்தில், ஆற்றைப் பார்த்த பக்கத்தில் இருக்கின்றன. அதே வெள்ளம் மறுபடி வந்தால் அந்த நான்கு அறைகளிலும் 77 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். பேனல் போர்டு தரையோடு நிற்பது, கேபிள்கள் தரைக்கடியிலிருந்து ஏறுபவை. 77 என்ன, 20 போதும் எல்லாம் அணைய. கோடிக்கணக்கில் செலவழித்து, போன வெள்ளத்தில் நடந்த அதே கேட்டைப் புது வண்ணம் பூசித் திரும்பக் கட்டுகிறீர்கள்.

இந்தப் பிழை எப்படி வந்தது என்றும் எனக்குப் புரிகிறது. இது வேறோர் ஊருக்காக வரைந்த மாதிரி வரைபடம். அங்கே ஆறு இருந்திருக்காது. தலைப்புக் கட்டத்தில் ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது, வடக்கு காட்டும் அம்புக்குறி திரும்பியிருக்கிறது, உள்ளே ஒரு கோடுகூட மாறவில்லை. வடக்கு திரும்பியதால் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

வார்டுகள் இரண்டும் மேற்கைப் பார்த்து அமைந்துவிட்டன. நடுவில் ஒரு தாழ்வாரம், அதன் இருபுறமும் அறைகள். ஆகவே எந்த வார்டுக்கும் ஒரு பக்கம்தான் சன்னல். நம் கடற்கரையில் வெயில் காலத்துப் பிற்பகலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெருவில் போகும் எவரைக் கேட்டாலும் கிழக்கைக் கைகாட்டுவார்கள். அந்தக் கடற்காற்று உங்கள் கட்டடத்தில் பொருட்கள் வைக்கும் அறையிலும் ஆவண அறையிலும் மோதி நின்றுவிடும். வார்டில் படுத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது மேற்கு வெயிலும் புழுக்கமும்.

இது வெறும் வசதிக் குறைவாக இருந்தால் இத்தனை அழுத்திச் சொல்ல மாட்டேன். பொது வார்டில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டல். உள்ளே வரும் காற்றைக் கணக்கிட, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் காற்றின் வேகத்தையும் திறப்பின் பரப்பையும் பெருக்கி, அதை 0.65ஆல் பெருக்க வேண்டும். ஒரே பக்கம் திறப்பு இருந்தால் 0.65க்குப் பதில் 0.05. பதின்மூன்று மடங்கு வித்தியாசம். பன்னிரண்டு பேர் படுக்கும் வார்டுக்கு, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலே, எதிரெதிரே 12 சதுர அடித் திறப்பு இருந்தால் போதும். உங்கள் வரைபடத்தில் அதைப்போலப் பல மடங்கு பெரிய சன்னல்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே சுவரில். காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில், இருமுகிறவரின் மூச்சைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுக்கும் அமைப்பு இது. குளிர்சாதனம் வைத்துவிடலாம் என்று உங்களில் ஒருவர் நேரில் சொன்னார். சுவரில் மாட்டும் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது. கதவும் சன்னலும் சாத்திக்கிடக்கும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

புதுச்சேரியின் பழைய கட்டடங்களில் உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம், சரிவுப் பலகை வைத்த சன்னல் என்று எல்லாமே இந்தக் காற்றுக்காகச் செய்தவை. அங்கிருந்து கடலூர் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. பார்த்துக் கற்றுக்கொள்ள நாம் எங்கும் போக வேண்டியதில்லை.

அடுத்தது சாய்தளம். பிரசவ அறை தரைத்தளத்தில், அறுவை அரங்கு முதல் தளத்தில். நடுவே ஒரே ஒரு லிஃப்ட். மின்சாரம் போனால் சாய்தளம் இருக்கிறது என்பது உங்கள் விளக்கம். தளத்துக்குத் தளம் உயரம் 3.6 மீட்டர். சக்கர நாற்காலி போகும் சாய்தளம் 12 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது நம் நாட்டுக் கட்டட விதி. அப்படியானால் 43 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். வரைபடத்தில் இருப்பது 20 மீட்டர். ஐந்தரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். இரத்தப்போக்கோடு இருக்கும் ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்து, இரவுப் பணியில் இருக்கும் இரண்டு பேர் அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உங்கள் அலுவலக மாடிப்படியின் மேல் பலகை போட்டு ஒரு மூட்டை அரிசியைத் தள்ளிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மருத்துவக் கழிவு வைக்கும் அறைக்குத் தனி வெளிவாசல் இல்லை. மஞ்சள் பையும் சிவப்புப் பையும் புறநோயாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் வழியாகவே வெளியேறும். முகப்பு முழுவதும் அலுமினியத் தகடும் கண்ணாடியும். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்று பண்ருட்டியில் பலா மரம் வைத்திருந்த எவரையும் கேளுங்கள். எங்கள் நிறுவனத்துக்கு அப்போது ஏழு மாத வயது. புயலுக்கு மறுநாள் சுற்றிப் பார்த்தபோது, கண்ணாடி முகப்புகள் உடைந்து கட்டிலிலும் தொட்டிலிலும் சிதறிக் கிடந்தன. மரக் கதவு போட்ட பழைய சன்னல்கள் நின்றிருந்தன. அன்றிலிருந்து நாங்கள் வரைந்த எந்த மருத்துவமனைக்கும் கண்ணாடி முகப்பு வைத்ததில்லை, எத்தனை மருத்துவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டபோதும்.

இரண்டாவது இரவைப் பற்றியும் எழுத வேண்டும். மகப்பேறு வார்டின் வெளியே தாழ்வாரத்தில் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். மகளுக்கு, மருமகளுக்குத் துணையாக வந்தவர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாட்டி, பழைய புடவையை விரித்து, தூக்குவாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு அவசரமாக ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளிவந்தவர் "கால், கால், காலை எடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பது பேரும் தூக்கக் கலக்கத்தில் காலை மடக்கிக்கொண்டார்கள். பாட்டி மட்டும் எழுந்து உட்கார்ந்து, வண்டி போகும் வரை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு விடியும் வரை அவர் படுக்கவே இல்லை.

புதிய வரைபடத்தில் தாழ்வாரம் 2.4 மீட்டர் அகலம். விதிப்படி சரி. ஆனால் இருபுறமும் ஆட்கள் படுத்தால் நடுவில் எவ்வளவு மிஞ்சும்? நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. ஒரு படுக்கைக்கு ஓர் ஆளாவது கூட வருவார்கள், வர வேண்டும் என்று செவிலியர்களே சொல்வார்கள். 30 படுக்கைக்கு 30 பேர். அவர்கள் உட்காரவும் படுக்கவும் உங்கள் வரைபடத்தில் ஓர் அங்குலம்கூட இல்லை. நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு வார்டின் வெளிச்சுவரை ஒட்டி, கூரை நீட்டி, நீளமாக ஒரு திண்ணை வைத்துக் கொடுத்தோம். அகலம் இரண்டே முக்கால் அடி. கூடவே ஒரு தண்ணீர்க் குழாயும் கைப்பேசிக்கு மின் இணைப்பும். இன்று அங்கே தாழ்வாரத்தில் யாரும் படுப்பதில்லை. திண்ணை வைக்கத் தெரியாத ஊரா நம் ஊர்?

இவையெல்லாம் அறிவாளித்தனத்தால் கண்டுபிடித்தவை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தலைமைச் செவிலியரிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் உங்கள் வரைவாளருக்கும் இவை தெரிந்திருக்கும். தளத்துக்கு அவர்கள் ஒரே ஒரு நாள் வந்தார்கள், வாசலில் நின்று படம் எடுத்தார்கள், வார்டுக்குள் நுழையவில்லை என்று அங்கிருப்பவர்கள் சொன்னார்கள்.

இங்கேதான் நிபந்தனைகளுக்கு வருகிறேன். ஆண்டு வருவாய் 2 கோடி ரூபாய் இருக்க வேண்டும், 100 படுக்கை மருத்துவமனை ஒன்றையாவது வடிவமைத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதைத் தாண்டியவர்களில் குறைந்த கட்டணம் கேட்டவருக்கு வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 படுக்கைக் கட்டடம் ஒன்றுக்கு 5 கோடி செலவு என்று வைத்துக்கொண்டால், 3 சதவீதக் கட்டணம் 15 லட்சம். 2 கோடி வருவாய் காட்ட ஆண்டுக்கு 13 மருத்துவமனைகளுக்கு மேல் வரைய வேண்டும். மாதம் ஒன்றுக்கு மேல். அப்படி வரைகிறவர் எந்த ஊரில் இரண்டு இரவுகள் தங்குவார்? அந்த நிபந்தனையும் குறைந்த கட்டணமும் சேர்ந்தால் பழைய வரைபடத்தை எடுத்துப் பெயர் மாற்றித் தருவதைத் தவிர வேறு வழி யாருக்கும் இல்லை. அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கேட்டதை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் ஆண்டுக்கு நான்கு வேலைகளுக்கு மேல் எடுப்பதில்லை. கட்டி முடித்த மறு ஆண்டு மழைக்காலத்தில் திரும்பப் போய் எங்கே ஒழுகுகிறது, எந்தக் கதவு இடிக்கிறது என்று பார்க்கிறோம். அதற்கு யாரும் பணம் தருவதில்லை. முதல் தேதி வந்தால் ஐந்து பேருக்குச் சம்பளம் போட வேண்டும் என்ற கவலை எனக்கும் உண்டு, சில மாதங்களில் என் பங்கை எடுக்காமல் விட்டிருக்கிறேன். இந்த வேலையை இப்படித்தான் செய்ய முடியும் என்று நம்புவதால்தான் சிறியதாக இருக்கிறோம். எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் புதுச்சேரியிலும் சிதம்பரத்திலும் இருக்கின்றன. இந்த மண்ணின் வெள்ளமும் காற்றும் தெரிந்தவர்கள் அவர்கள்.

நான் கேட்பவை இவை.

இந்த வரைபடத்தின் ஒப்புதலை நிறுத்திவையுங்கள். மின் அறை, ஜெனரேட்டர், மருந்துக் கிடங்கு, ஆக்சிஜன் உருளை அறை நான்கையும் 2024 வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே கொண்டுபோங்கள். ஜெனரேட்டரை உயர்ந்த கான்கிரீட் மேடையில் நிறுத்தலாம், மருந்தையும் பேனல் போர்டையும் முதல் தளத்துக்கு ஏற்றலாம். பிரசவ அறையும் அறுவை அரங்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சாய்தளம் விதிப்படி 12க்கு 1 ஆக வேண்டும். வார்டுகளைத் திருப்பி, இரு பக்கமும் சன்னல் கிடைக்கும்படி தாழ்வாரத்தை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கழிவு அறைக்குத் தனி வாசல் வையுங்கள். உடனிருப்போருக்குத் திண்ணை வையுங்கள். கண்ணாடி முகப்பை விட்டுவிடுங்கள், அந்தப் பணம் பேஸ்மட்டத்துக்கு உதவும். இந்த மாற்றங்களை வரைய இப்போது பணி பெற்றிருக்கும் நிறுவனமே போதும். அவர்களுக்கு அவகாசமும் அதற்கான கட்டணமும் கொடுங்கள். அந்த வேலையை நான் கேட்கவில்லை.

இனி எந்த மருத்துவமனை வரைபடத்தையும் ஒப்புதலுக்கு முன் 30 நாட்கள் அந்த மருத்துவமனையிலேயே ஒட்டிவையுங்கள். செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், உடனிருப்போர் சொல்வதை எழுத்தில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள்.

50 படுக்கை வரையிலான கட்டடங்களுக்கு ஆண்டு வருவாய் நிபந்தனையை நீக்குங்கள். அதே அளவில் கட்டிய மருத்துவமனைகளைக் காட்டச் சொல்லுங்கள், அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். தரத்தையும் கட்டணத்தையும் சேர்த்து எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இன் 192ஆம் விதி வழி காட்டுகிறது. வடிவமைப்புப் பணிக்கு அதையே முறையாக்குங்கள்.

கடைசியாக ஒன்று. மழை முடிந்து தை மாதத்தில் பழைய கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். இடித்தால் அந்தச் சுவரும் அதன் நீலக் கோடும் போய்விடும். அதற்கு முன் ஒரு பொறியாளரை அனுப்பி அந்தக் கோட்டைச் சாலை மட்டத்திலிருந்து அளந்து, தலைமைச் செவிலியரின் முன்னிலையில் பதிவுசெய்து, அந்த எண்ணைப் புதிய வரைபடத்தில் எழுதுங்கள். நாளும் நேரமும் சொன்னால் டேப்போடு நானும் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டடக் கலைஞர்,
புதுப்பாளையம், கடலூர்